பொட்டு வைத்த கள்ளி

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், படித்தால் நினைப்பார்கள், நினைத்தால் கண் படும். இது என் கட்சி இல்லை, அவருடைய கட்சி. இப்படி ஒருத்தி தன்னைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தாலே மூன்று செத்தல் மிளகாயைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் வெறும் அக்கா என்றே இருக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு மேற்கே கிரவீனில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. அப்போது அந்தப் பக்கம் கோழிப்பண்ணைகளும் தக்காளித் தோட்டங்களும்தான். காற்று திரும்பினால் துவைத்துக் காயப்போட்ட புடவையில் கோழி எரு வாடை ஏறிவிடும். தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. எங்கள் ஊரில் ஒருத்தரைப் பார்த்ததும் முதலில் எதையாவது புகழ்வோம், பிறகுதான் பேர் கேட்போம். வேலிக்கு அந்தப் பக்கம் தலையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தவரிடம், "எவ்வளவு நீளம் அக்கா உங்க முடி, முழங்கால் வரைக்கும் வரும்போல இருக்கே" என்றேன். அவர் முடியை அள்ளிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து கதவைத் தட்டினார். பிரித்துக் காட்டினார். உள்ளே கொஞ்சம் உதிர்ந்த முடி.

"நீர் நேற்றுச் சொன்னது," என்றார். "இது இண்டைக்கு வந்தது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டு, உள்ளே வந்து ஒரு தேநீர் குடித்தார். தேநீர் நன்றாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் "சாயம் பத்தாது" என்றார்.

அவர் வீட்டில் நல்லதாக எதுவுமே கிடையாது. கேட்டால் அப்படித்தான் சொல்வார். இடியாப்பம் பூ மாதிரி இருக்கும், "களியாப் போச்சு" என்பார். அவர் கணவர் பாலங்கள் கட்டும் கம்பெனியில் பொறியாளர். "ஏதோ இரும்பு பாக்கிறார்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அதை நம்பிய ஒரு தமிழர் தன் வீட்டுப் பழைய வாஷிங் மெஷினை எடுத்துப்போகச் சொன்னார். கணவர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். நன்றி சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். வெகுநாள் அது அவர்கள் கொல்லையில் நின்றது.

அவர்கள் புதுக் கார் வாங்கிய நாளை என்னால் மறக்க முடியாது. நீலக் கார், கண்ணாடி மாதிரி மின்னியது. கணவர் அதை வாசலில் நிறுத்தி இறங்கி இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பார்த்து முடிக்கவில்லை, அக்கா அவர் கையிலிருந்து சாவியை வாங்கி, பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தார். கணவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இனிப் பயமில்லாமல் ஓடலாம்," என்றார் அக்கா.

இன்னொரு தரம், யாரோ வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகு, மிளகாயும் உப்பும் சுற்றி மின்சார அடுப்பின் வளையத்திலேயே போட்டுவிட்டார். புகை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டு ஜோன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். நாலு பேர் குழாயோடு ஓடிவந்து, இருமி, கண்ணைத் துடைத்து, நெருப்பு இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டார்கள். போகும்போது அவர்களில் ஒருவன், பாவம் நல்ல பையன், "ரொம்ப அழகான வீடு" என்று சொல்லிவிட்டான். வண்டி தெருமுனை திரும்பியதும் அக்கா மறுபடி மிளகாய் எடுத்தார்.

இதெல்லாம் எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்த ஜூன் மாதம் வரைக்கும்.

அப்போது அக்காவுக்கு வயிற்றில் வாய்வு. தமிழர் வீடுகளில் மாதம் ஒருமுறை கூடுவோம். அங்கே எல்லாரிடமும் அவரே சொன்னார். ஒருத்தர் இஞ்சி தட்டிப் போடச் சொன்னார், ஒருத்தர் ஊரிலிருந்து கொண்டுவந்த பெருங்காயத்தில் பாதியைக் கொடுத்தார். வாய்வு டாக்டரைப் பார்க்கப் பரமட்டா போக வேண்டும், துணைக்கு வா என்று என்னை அழைத்தார். பென்டில் ஹில்லில் ரயில் ஏறிப் போனோம். டாக்டரின் காத்திருப்பு அறையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் வயிறு முன்னால் நின்றது. சுவரில் குழந்தைப் படம்.

"அக்கா," என்றேன், "இங்க வந்திருக்கிற எல்லாருக்கும் வாய்வா?"

அவர் கைப்பையைத் திறந்து மூடினார். "வாயைத் திறவாதையும்," என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூண்டு தரம் போயிட்டுது பிள்ளை. முதல் தரம் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னனாங்கள். ரெண்டாந்தரம் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் மட்டும். மூண்டாந்தரம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ஆனா எனக்குச் சந்தோசமா இருந்தது, முகத்திலை தெரிஞ்சிருக்கும். இந்தமுறை இவருக்கும் உமக்கும்தான் தெரியும். டாக்டருக்கும் சொல்லாமல் விடலாமோ எண்டு பாத்தனான், ஏலாது."

அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ ஆறுதல் சொல்லத் தோன்றியது, ஆனால் என் வாயில் நல்ல வார்த்தை எது வந்தாலும் அவருக்குக் கெடுதல். "வாய்வு கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும் அக்கா," என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

கள்ளி வந்தது அதன் பிறகுதான். வாசல் நிலைக்கு மேலே கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் வருகிறவர்களின் கண்ணை அது வாங்கிக்கொள்ளும் என்பது எங்கள் ஊரிலும் உண்டு, அவர் ஊரிலும் உண்டு. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் காற்றைக் குடித்துக்கொண்டு அது மாதக்கணக்காக இருக்கும். வீட்டுக்காக இல்லை, வயிற்றுக்காக வேண்டும் என்றார் அக்கா. செடி விற்கும் இடத்துக்கு இரண்டு பேரும் போனோம். கற்றாழை வருவதற்கு மாதம் ஆகும் என்றார் கடைக்காரர், தண்ணீர் வேண்டாத செடிதான் வேண்டுமென்றால் இது இருக்கிறது என்று ஒரு பாலைவனக் கள்ளியைக் காட்டினார். தேங்காய் அளவுக்கு உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருந்தது. வெயிலில் வைப்பீர்களா நிழலிலா என்று கேட்டார்.

"தலைகீழா," என்றார் அக்கா.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணை உதறி, வேரோடு கயிறு கட்டி, கள்ளியை வாசலில் தொங்கவிட்டார் கணவர். அவர் கட்டிய எதுவும் விழாது. ஆனால் உயரத்தைச் சரியாகக் கணக்கிடவில்லை. அவரும் அக்காவும் குள்ளம். பால் போத்தல் கொண்டுவந்து வைப்பவன், தபால்காரர், ஜோன், ஒருவர் மிச்சமில்லாமல் அந்த ஜூன், ஜூலைக் குளிர்காலம் முழுக்க நெற்றியில் முள் வாங்கினார்கள். "முள்ளுக் குத்தினா நல்லது," என்றார் அக்கா. "அவையின்ரை கண் அதிலையே போயிட்டுது."

ஜூன் போய், ஜூலை போய், ஆகஸ்டும் போனது. வாய்வு போகவில்லை. அது வளர்ந்தது. குளிர்கோட்டுக்குள் அக்கா அதை மறைத்து வைத்திருந்தார். நாலாம் மாதம் தாண்டியது. முன்பு மூன்று தரமும் அதற்குள் போய்விட்டது என்பதால், அந்த நாள் தாண்டியபோது நான் என் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அவர் முன்னால் அழ முடியாது, சந்தோஷம் என்று கண்டுபிடித்துவிடுவார்.

செப்டம்பரில் ஒருநாள் வேலியில் நின்று கூப்பிட்டார். நிறுத்தாமல் கூப்பிட்டார். ஓடினேன். வயிறு என்று நினைத்தேன். அவர் வாசலைக் காட்டினார். தலைகீழாகத் தொங்கிய கள்ளியின் பக்கவாட்டில், முள்ளுக்கு நடுவே, பஞ்சு சுற்றினாற்போல் ஐந்து மொட்டுகள்.

"காவலுக்கு வைச்சது பூக்கப் பாக்குது," என்றார். "இப்ப இதை ஆர் பாக்கிறது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. காவல்காரனே அழகாகிவிட்டால் அவனுக்கு ஒரு காவல்காரன் வேண்டுமே. அழகு என்று யாராவது சொல்லி அதற்கு ஏதாவது ஆனால், அது மூன்று மாதமாக வாங்கிவைத்திருக்கும் கண் எல்லாம் அவிழ்ந்து நேராக அவர் வயிற்றுக்குத்தான் வரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்போதுதான் ஜோன் தெருவைத் தாண்டி வந்தார், நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டு. மொட்டுகளைப் பார்த்து அசந்துபோனார். அவரிடம் அதே சாதிக் கள்ளி பத்து வருஷமாக இருந்தது. வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். ஒரு பூ கூட அது பூத்ததில்லை. இதை உடனே இறக்கிப் பருமணலில் நடுங்கள், வெயிலில் வையுங்கள், காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்றார். உங்கள் இரகசியம் என்ன என்றும் கேட்டார்.

"கவனிக்கேல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார் அக்கா. அது முழு உண்மை. குளிர்காலத்தில் தண்ணீரே காட்டாமல் பட்டினி போட்டால்தான் பாலைவனக் கள்ளி பூக்கும் என்பது பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. ஜோன் அந்தப் பதிலை நம்பவில்லை.

கள்ளி ஒரு மண்சட்டிக்குள் போனது. அக்டோபரில் மொட்டுகள் விரல் நீளத்துக்கு வந்தன. அக்கா அதன் மேல் ஒரு கிழிந்த தலையணை உறையைக் கவிழ்த்தார். வெயில் படாமல் மொட்டு விரியுமா? கணவர் வேலைக்குக் கிளம்பும்போது உறையை எடுப்பார், அக்கா போடுவார். ஒருநாள் உறைக்கு உள்ளேயே ஒன்று அரைகுறையாக விரிந்துவிட்டது. வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே வரவரத் தீயின் மஞ்சள். அக்கா பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு டப்பாவும் நெருப்புக்குச்சியும் எடுத்துவந்தார். கண் மை தீர்ந்துவிட்டிருந்தது. டப்பாவில் இருந்தது கணவரின் ஷூவுக்குப் பூசும் கறுப்புப் பாலிஷ், அக்கா பேச்சில் சப்பாத்துப் பாலிஷ். குச்சியால் தொட்டு, முள்ளை விலக்கி, கள்ளியின் வயிற்றில் பெரிய வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார். குழந்தைக்கு வைப்பது போலவே ஒரு அடி தள்ளி நின்று சரிபார்த்தார்.

அந்த வாரம்தான் பென்டில் ஹில்லில் ஒரு மண்டபத்தில் மலர்க் கண்காட்சி. ஜோன் வந்து, கள்ளியைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். அக்கா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் கணவர். "நிச்சயமாக," என்று சொல்லிவிட்டார். அவருக்கு வேறு பதில் தெரியாது. அன்று அவர்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். அக்கா குளிர்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டு, மடியில் கள்ளியை வைத்துக்கொண்டு ஜோனின் காரில் வந்தார். முகமெல்லாம் வேர்வை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறையால் விசிறினேன். மண்டபத்தில் மேசை மேசையாகக் கள்ளிகள் இருந்தன. எங்களுடையதை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார் ஜோன். அரைமணியில் ஐந்து பூவும் விரிந்தன. அக்கா சட்டியைத் திருப்பி, பொட்டு வைத்த பக்கம் முன்னால் வருமாறு வைத்தார்.

நடுவர் ஒரு கிழவர், கழுத்துப் பட்டியும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். எங்கள் மேசையில் நின்றார். பொட்டைப் பார்த்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கையுறை கேட்டார்.

"கறுப்பு அழுகல்," என்றார். "இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. இது பரவும். உடனே வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்."

சுற்றி இருந்தவர்கள் தங்கள் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பின்புறம் குப்பை எரிக்கும் கல் அடுப்பு ஒன்று இருந்தது, ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்தார்.

"பாலிஷ்னு சொல்லிடுங்க அக்கா," என்றேன்.

"சொன்னாத் துடைக்கச் சொல்லுவினம். துடைச்சா இவ்வளவு பேரும் பாப்பினம்."

"துடைக்கலேன்னா எரிச்சிடுவாங்க."

நடுவர் கையுறையை மாட்டிவிட்டார். சட்டியைத் தூக்கினார். அக்கா நகரவில்லை, ஏதோ கணக்குப் போடுவதுபோல் உதடு மட்டும் அசைந்தது. அவர் பயத்தை நான் ஒருகாலத்தில் வேடிக்கையாக நினைத்ததற்கு அந்த நிமிஷம் வெட்கப்பட்டேன். கிழவர் கதவு வரைக்கும் போய்விட்டார். அப்போது அக்கா நடந்தார், பிறகு ஓடினார். ஓடுகிற வேகத்துக்குக் கோட்டு இடைஞ்சலாக இருந்தது, கழற்றி என் மேல் எறிந்தார். கிழவரின் கையிலிருந்து சட்டியை வாங்கித் தரையில் வைத்து, உட்கார்ந்து, சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் துடைத்தார். விரலில் முள் ஏறியது. விடாமல் துடைத்தார். கறுப்பு போய், அடியில் பளபளவென்று பச்சை வந்தது.

"சப்பாத்துப் பாலிஷ்," என்றார் ஆங்கிலத்தில். வேறு விளக்கம் சொல்லவில்லை.

பிறகு எல்லாரும் வந்துவிட்டார்கள். எத்தனை அழகு, எத்தனை நிறம், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை, கடவுளே, கண்ணே. ஒவ்வொரு வார்த்தைக்கும் அக்கா தோளைக் குறுக்கினார். கோட்டு இல்லை. ஆறாம் மாதத்து வயிறு சேலைக்குள் முழுசாகத் தெரிந்தது. நான் கோட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இடித்துப் புகுந்து போய்ப் போர்த்தப் பார்த்தேன். அவர் என் கையைத் தடுத்தார். மெல்ல எழுந்து நின்றார். கூட்டத்தைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். யாரோ ஒரு பெண் கள்ளியை இன்னும் கிட்டப் பார்ப்பதற்காக அக்காவையே தோளால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள்.

"ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை பிள்ளை," என்றார்.

"ஆமாக்கா."

"அது தன்ரை வேலையைச் செய்யுது."

கள்ளிக்குப் பரிசு கிடைக்கவில்லை. செடிக்குச் சாயம் பூசக் கூடாது என்று விதி இருந்தது. பூக்களும் பூசியதுதானோ என்று நடுவர் ஈரக் கைக்குட்டையால் ஒரு இதழைத் தேய்த்தும் பார்த்தார். போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜோன் கொதித்துப்போனார். அக்காவைப் போல் சந்தோஷமாக அன்று யாரும் வீடு திரும்பவில்லை. பரிசு கிடைத்திருந்தால்தான் ஆபத்து என்றார். காரில் வரும்போது இரகசியம் என்ன என்று ஜோன் மறுபடி கேட்க, அக்கா தலைகீழாகத் தொங்கவிட்டதைச் சொல்லிவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் எங்கள் தெருவில் ஆறு வீட்டு வாசலில் கள்ளி தொங்கியது. தபால்காரர் தொப்பி போட ஆரம்பித்தார்.

குழந்தை ஜனவரிக் கடைசியில் பிறந்தது. பெண். கணவர் வேலியில் வந்து நின்று, "ஒண்டும் இல்லை, சும்மா ஒரு பிள்ளை," என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார், குழந்தை பக்கத்தில் தூங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் முதலில் பேசட்டும், கறுப்பு என்பார், சோணங்கி என்பார் என்று காத்திருந்தேன். அவரோ குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய பயம்.

"நேற்றிலை இருந்து பாக்கிறன் பிள்ளை," என்றார் கடைசியில். "ஒரு குறையும் காணேல்லை. சொல்லுவம் எண்டாலும் வாயிலை வருகுதில்லை. நீர் ஏதும் சொல்லும்."

குனிந்து பார்த்தேன். அந்த நாளுக்குப் பிறகு எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தன, பேத்தியும் வந்துவிட்டாள். அப்படி ஒரு அழகை நான் இன்னும் பார்க்கவில்லை. மதுரைக்காரியின் வாயில் வந்து நின்ற அத்தனையையும் விழுங்கினேன்.

"காது பெரிசுக்கா," என்றேன். "மூக்கும் சப்பைதான்."

அக்கா கண்ணை மூடினார். நீளமாக மூச்சு விட்டார்.

"ஓம் என்ன," என்றார். "இன்னும் சொல்லும்."